உன் சட்டைக்குத் துணி வந்த வழி

கண்ணு,

இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை அரும்பியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் இது உன் கையில் கிடைத்துவிடக் கூடாது. பாதி புரிந்து பாதி புரியாமல் என்னிடம் வந்து கேட்பாய், எனக்குப் பதில் சொல்ல வராது. பேச்சு எனக்கு எப்போதுமே வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாயே, அது எப்படி என்று கேட்பாய். பாடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. வீட்டில் பேசுவதற்கு அப்படி ஒரு புத்தகம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இப்போது உனக்கு மூன்று வயது நிறையவில்லை. வாசலில் காயப் போட்டிருக்கிற பருத்தியில் விழுந்து புரண்டுகொண்டிருக்கிறாய். தலையெல்லாம் பஞ்சு. உன் ஆத்தா, உன் அப்பாவைப் பெற்றவர், "ஏஞ்சாமி, பருத்தியில மண்ணு ஒட்டுமல்லோ, எந்திரிடா" என்று சத்தம் போடுகிறார். நீ கேட்கவில்லை. நான் உள்ளே இருந்து ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

நாளைக் காலையில் உன் அப்புச்சி, என் அப்பா, வருகிறார். தொண்டாமுத்தூரிலிருந்து கோயமுத்தூர் வந்து, ரயிலேறி, இங்கே ஸ்டேஷனில் இறங்கி, ஒரு மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு வருவார். அந்த வண்டியில் நான் ஏறினால், கோயமுத்தூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் என் பழைய வேலைக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் உன்னை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீ என்னோடு இருப்பாய், வேலை போய்விடும், இப்போது இருக்கிற கோலத்திலேயே நான் கடைசி வரைக்கும் இருந்துவிடுவேன். இத்தனைக்கும் நடுவில் கிடப்பது ஒரு ரவிக்கை. உன் காலத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பிறந்த ஊர் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். யானை வந்து கரும்பை மிதித்துவிட்டுப் போகிற ஊர். அங்கே எங்கள் சனத்தில் அப்போது ரவிக்கை என்று ஒன்று கிடையாது. பெண்கள் நீளமான நூல் சேலையைப் பின்னால் கொசுவம் வைத்துக் கட்டி, மேலே சுற்றி இழுத்துச் செருகிக்கொள்வார்கள். அரக்கு, கருநீலம், செம்மண் நிறம், இவைதான் நிறங்கள். பக்கத்து ஊர்த் தறியில் நெய்த கெட்டித் துணி. நனைந்தால் பிழிவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். வெயில், முள், பார்வை எதுவும் அதை ஊடுருவாது. அந்தத் துணிக்குள் யாரும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. களை எடுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், சண்டை போட்டார்கள். தோள் தெரிகிறதே என்ற எண்ணம் ஒருவருக்கும் இல்லை. கூச்சம் எங்கள் ஊருக்கு ரவிக்கையோடுதான் வந்தது. அதைக் கொண்டுவந்தவள் நான்.

என் அம்மா நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அப்புச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பருத்தி ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போனவர், ஒருநாள் வண்டியின் அச்சு முறிந்து மிஷன் பள்ளிக்கூடத்து வேலியோரம் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பெண் பிள்ளைகள் வாசிக்கிற சத்தம். அச்சு மாட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "நம்ம புள்ளையும் அப்படி வாசிக்கட்டும்" என்றார். ஊரில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுதியில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள்: எல்லாப் பிள்ளைகளும் ரவிக்கை போட்டிருக்க வேண்டும்.

கடைவீதியில் ஒரு தையற்காரரிடம் போனோம். என்னை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு அப்புச்சி கடை வாசலில் நின்றார்.

"அளவு ரவுக்கை கொண்டாந்தீங்களா?" என்றார் தையற்காரர்.

"அதென்னுங்க அளவு ரவுக்கை?"

"புதுசு வெட்டோணும்னா பழசு ஒண்ணு வேணுமுங்க. அதைய வெச்சுத்தான் அளவு பாக்கறது."

அப்புச்சி விடவில்லை. "ஏனுங்க, எங்கூர்ல பழசே இல்லீங்களே. அப்ப மொதல் மொதல்ல ஒருத்தர் ரவுக்கை தச்சிருப்பாரே, அவரு எதைய வெச்சுங்க தச்சாரு?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு, "அப்பப் புள்ளையக் கூட்டியாங்க, புடிச்சுப் பாத்துக்கலாம்" என்றார். அப்புச்சி திரும்பி வண்டியைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அந்நிய ஆள் ஒருவர் என் மேல் டேப்பு வைப்பதா? அப்புச்சி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மர பெஞ்சில் போட்டார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். "என்னையப் புடிச்சுக்குங்க. புள்ளை என்ற சாடைதான். கொஞ்சம் ஒடுக்கித் தச்சுப் போடுங்க."

"கவுண்டரே, கைக்குச் சுருக்கு வெச்சுப் போடலாமுங்களா?"

"வெய்யுங்க, வெய்யுங்க. எனக்குச் சுருக்கு வெச்சா நல்லாத்தான் இருக்கும்."

வாழ்நாளில் சட்டை போடாத மனிதர் அவர். எனக்கு ரவிக்கை தைப்பதற்காகத் தன் மார்பை நடுக்கடையில் அளக்கக் கொடுத்தார். சின்னச் சின்ன நீலப் பூப் போட்ட சீட்டித் துணி. என்னைப் போல இரண்டு பேர் அதற்குள் இருக்கலாம். "வளர்ற புள்ளைதானே" என்றார். வளர்ந்து அந்த ரவிக்கைக்கு வந்து சேர எனக்கு வெகு காலம் பிடித்தது. அதற்குள் துணிதான் மெத்தென்று ஆனதே தவிர கிழியவில்லை.

முதல் விடுமுறைக்கு அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். கிணற்றடியில் இருந்த பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏன் அம்மணி, காச்சலா? இப்படிப் போத்திக்கிட்டு வந்திருக்கறே?"

"காச்சல் இல்லீங்க்கா, படிப்பு" என்றாள் இன்னொருத்தி.

அன்று சாயங்காலமே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் இரண்டு விதமாக வாழப் பழகிக்கொண்டேன். விடுதியில் ஒரு மாதிரி, ஊரில் ஒரு மாதிரி. மதராசில் காலேஜில் சேர்ந்தபோது, முன்னால் கொசுவம் வைத்து மெல்லிய சேலை கட்ட அங்கிருந்த பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்புகிற ரயிலில் போத்தனூர் வருவதற்குள் அதை அவிழ்த்துப் பின்கொசுவம் வைத்துக் கட்டிக்கொள்வேன். பி.ஏ. தேறிவிட்டு வந்த அன்றும் அப்படித்தான் வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ரயில் பெட்டியின் மூலையில் திரும்பி நின்று கொசுவத்தைப் பின்னால் செருகிக்கொண்டிருந்தாள். அதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அதே சமயத்தில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து மின்சாரம் வந்தது. கோயமுத்தூரைச் சுற்றிலும் மில்கள் எழும்பின. எங்கள் தோட்டத்துக் கம்போடியாப் பருத்தி வண்டி வண்டியாக அங்கே போய், மல் துணியாகவும் லாங்கிளாத்தாகவும் கடைகளுக்குத் திரும்பி வந்தது. நாங்கள் விளைவித்ததுதான் என்று சொன்னால் நம்ப முடியாதபடி அவ்வளவு மெலிசு. ஆண்கள் தலையில் கட்டிய உருமாலைக் கழற்றிவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார்கள், மேலுக்குச் சட்டை போட்டார்கள். ஜப்பான் பட்டு என்று ஒன்று வந்தது. ஒரு கல்யாணத்தில் மழை பிடித்து, பெண்ணின் ஜப்பான் பட்டுச் சாயம் முழுக்க மாப்பிள்ளையின் வேட்டியில் இறங்கிவிட்டது. "இனிமே ரண்டு பேரையும் பிரிக்க முடியாதுங்கோ" என்று பந்தலில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவில் ஊருக்குப் போனபோது, கிணற்றடியில் என்னைக் காய்ச்சலா என்று கேட்ட அதே அக்கா வீட்டுக்கு வந்து, மகளுக்குக் கல்யாணத்துக்கு ரவிக்கை வெட்டித் தரச் சொன்னாள். "எங்களுக்கும் காச்சல் வந்துபோச்சு அம்மணி. ஊரெல்லாம் பரவிப்போச்சு" என்றாள். அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். காலம் தானாகவே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தேன். காலம் யாரை இறக்கிவிட்டுவிட்டுப் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மில் ஆபீசில் குமாஸ்தா. ஆர்.எஸ்.புரத்தில் புதிதாகப் போட்ட தெரு ஒன்றில் எங்களுக்கு வாடகை வீடு. கல்யாணமான புதிதில் என்னை ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், "எது வேணும் அம்மணி?" என்று கேட்டார். பெண்களுக்குச் சேலை எடுப்பது அதுவரை ஆண்களின் வேலை. கடைக்குப் போவார்கள், எடுத்து வருவார்கள், நாங்கள் கட்டிக்கொள்வோம். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயைத் திறக்க முடியாமல் விரலால் காட்டினேன். வாயில் என்கிற மெல்லிய மில் துணியில் இளநீலச் சேலை. அதே துணியில் ரவிக்கை. நீயும் ஒருநாள் ஒரு பெண்ணோடு அப்படி ஒரு கடையில் நிற்பாய். கேள். அவள் பதில் சொல்லக் கூச்சப்பட்டால் காத்திரு. உன் அப்பா காத்திருந்தார்.

நல்லவர்தான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் ஆத்தா, உன் அப்பா தொட்டிலில் கிடக்கும்போதே புருஷனை இழந்தவர். எங்கள் சனத்தில் அப்படி ஆனவர்களுக்கு வெள்ளைச் சேலை. மேலே ரவிக்கை கிடையாது. பழைய காலத்தில் யாருக்குமே ரவிக்கை இல்லை, அதனால் நிறம் மட்டும்தான் வித்தியாசம். மற்றவர்கள் எல்லோரும் ரவிக்கைக்கு மாறிய பிறகு இவர்கள் மட்டும் அப்படியே நிறுத்தப்பட்டார்கள். ஒரு தீபாவளிக்கு உன் அப்பா வெள்ளை மல் வாங்கி வந்து, தன் அம்மாவுக்கு ஒரு ரவிக்கை தைக்கச் சொன்னார். கண் அளவிலேயே வெட்டிக் கையால் தைத்தேன். இந்த வீட்டுக்கு வந்து அவர் கையில் கொடுத்தோம். விரித்துப் பார்த்தார், புதுத்துணி வாசத்தை முகர்ந்தார், கை வைத்த இடத்தைத் திருப்பித் தையலைத் தடவினார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆரு தச்சது?"

"உங்க மருமகதான் ஆத்தா. போட்டுப் பாருங்க."

"இதைய எப்பக் கொடுத்திருக்கோணும் தெரியுமா சாமி? எனக்கு இருவது வயசுல. இப்ப மேல துணி பட்டா முள்ளுப் பட்டாப்பல இருக்குது. போ, கொண்டு போயி உள்ள வெய்யி."

உன் அப்பா சிரித்தார். திரும்பி வரும்போது ரயிலில், "பாத்தியா, கொடுத்தாலும் வேண்டாங்கறாங்க. உன்ற காலத்துல இதெல்லாம் இருக்காது, காலம் மாறிப்போச்சு" என்றார். அண்ணனிடமோ பங்காளிகளிடமோ அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் நாலு பேர் இருக்கும்போது சொல்லியிருந்தால் அது சொல்லாக நின்றிருக்கும். ரயிலில் என்னிடம் சொன்னது ரயிலோடு போயிற்று. காலம் மாறும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற ஆளாக நீ இருக்காதே. உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்தி இது ஒன்றுதான்.

போன ஐப்பசியில் உன் அப்பாவுக்கு விஷஜுரம். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை இங்கே கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வெள்ளைச் சேலையைப் பிறந்த வீட்டார்தான் கொண்டுவர வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் செல்லாது. கடைசிக் காரியத்தன்று அப்புச்சி தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்தார். பெண்கள் என்னை உள்ளே கூட்டிப் போய் ரவிக்கையைக் கழற்றிவிட்டு அதைக் கட்டிவிட்டார்கள். அப்போதுதான் அப்புச்சி செய்திருந்த காரியம் தெரிந்தது. கோயமுத்தூர்க் கடையில் இருந்ததிலேயே நல்ல மில் துணியாகப் பார்த்து எடுத்திருக்கிறார். முரட்டுத் துணி மகளுக்கு உறுத்தும், மெத்தென்று இருக்கட்டும் என்று. அந்தக் கோலம் பழைய கெட்டித் துணிக்காக ஏற்பட்டது. துணி மாறிவிட்டது, கோலம் மாறவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். நல்ல வெயில். கூடியிருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள்.

அப்புச்சி நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு ஓடிவந்து தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போர்த்தினார். "எனக்குத் தெரியில கண்ணு. மெத்துனு இருக்கட்டும்னுதான் எடுத்தேன், எனக்குத் தெரியில" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தையற்கடையில் பெஞ்சில் எடுத்துப் போட்ட துண்டு போலவே பச்சைக் கரை போட்டது. உன் ஆத்தாதான் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தனுப்பினார். தன் பெட்டியைத் திறந்து, சென்னிமலைப் பக்கத்துத் தறியில் நெய்த தன் முரட்டு வெள்ளையை எடுத்து, எனக்கு இரண்டு சுற்றுச் சுற்றி அவரே கட்டிவிட்டார். "இதுல ஒண்ணுந் தெரியாது அம்மணி" என்றார். அந்தப் பெட்டியில் நான் தைத்த மல் ரவிக்கையும் இருந்தது. இரண்டு பேரும் பார்த்தோம். அவர் மூடியைச் சாத்திவிட்டார்.

அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அவரிடம் இருந்த ஒரே மறைப்பை எனக்குக் கொடுத்தார். இதைவிட அதிகமாகக் கொடுக்க முடியும் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

மாசியில் அப்புச்சி மறுபடியும் வந்தார். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் புருஷனை இழந்தவர், கிறிஸ்தவர். வெள்ளைதான் கட்டுவார்; ஆனால் முழங்கை வரைக்கும் வெள்ளை ரவிக்கை, ஓரத்தில் சின்னதாகப் பின்னல் வேலை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்வரை என் இடத்தை வைத்திருப்பதாகவும், பிள்ளையோடு வந்து தங்க ஓர் அறை தருவதாகவும் சொல்லியிருந்தார். அப்புச்சி உன் பெரியப்பாவிடமும் ஆத்தாவிடமும் பேசினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மாப்பளை, வெள்ளை ரவுக்கைதானுங்க. கைமுட்டி வரைக்கும் மூடியிருக்கும். புள்ளைகளுக்கு முன்னால நிக்கோணுமல்லங்க."

"நீங்க கேக்கறீங்க மாமா, நா என்னத்தச் சொல்றது" என்றார் உன் பெரியப்பா. "போகட்டுமுங்க. ரவுக்கை போட்டுக்கட்டும், உத்தியோகம் பாக்கட்டும், அவங்க இஷ்டம். பையன் எங்க ஊட்டுப் பையன். அவன் இங்கதான் இருப்பான்."

"அம்மா இல்லாமப் பையன் எப்படீங்க இருப்பான்?"

"அப்ப அவங்களும் இருக்கட்டும். ஆருங்க போகச் சொன்னது?"

உன் ஆத்தா மெதுவாகத்தான் சொன்னார். "நா இருக்கலீங்களா சம்பந்தி? என்னையும் இருவது வயசுலதான் இப்படி நிறுத்துனாங்க. நாளைக்கு இந்த ஊட்டுல பொண்ணெடுக்க, பொண்ணு குடுக்க நாலு பேரு வாரப்ப என்னுங்க சொல்றது?"

அப்புச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்குப் பேச்சு வராதது அவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். புறப்படும்போது கதவோரம் வந்து, "வைகாசி கடைசில வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தறேன் கண்ணு. ஏறறதும் ஏறாததும் உன்ற முடிவு. நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். எனக்கு இனி எதையும் எடுக்கத் தெரியாது" என்றார்.

அந்த வண்டிதான் நாளைக்கு வருகிறது.

இத்தனை நாளும் இரண்டு பக்கமும் நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் போனால், லீவு நாளில் உன்னைப் பார்க்க வருவேன், ரவிக்கை போட்டுக்கொண்டு, கையில் குடையோடு. நீ என்னை டீச்சர் என்று நாலு பேரிடம் காட்டலாம். ஆனால் உனக்கு நான் யாரோவாக இருப்பேன். உன் பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்ப்பாய். இருந்தால், உனக்கு அம்மா இருப்பாள். நீ யாரிடமும் காட்ட முடியாத அம்மா. நீ படிப்பாய், அதை மட்டும் நான் விடப்போவதில்லை. ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ போவாய். அங்கே உன் சிநேகிதர்களின் அம்மாக்கள் எல்லோரும் ரவிக்கையோடு இருப்பார்கள். எங்கள் சனத்தில் ரவிக்கையை முதலில் போட்டவர்களில் ஒருத்தி நான். அது இல்லாமல் கடைசியாக நிற்கப் போகிறவர்களிலும் நான் இருப்பேன்.

போன வாரம் உனக்குக் காய்ச்சல் கண்டது. என் வெறும் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாய். இறக்கினால் அழுதாய். உன் எச்சிலும் வேர்வையும் தோளில் காய்ந்து ஒட்டின. அந்தத் தோளில் துணி இருக்கிறதா இல்லையா என்று நீ பார்க்கவில்லை, இப்போதைக்கு. அன்றைக்கு முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். நாளைக்கு வண்டி வெறுமையாகத் திரும்பிப் போகும். அப்புச்சி ஒன்றும் சொல்ல மாட்டார்.

என் பெட்டியில் இருந்த ரவிக்கைகளை நேற்று பிரித்தேன். வேறு என்ன செய்வது? இளநீல வாயில் துணியில் உனக்கு ஒரு சட்டை வந்தது. அப்புச்சியின் மார்பளவுக்குத் தைத்த அந்தப் பழைய சீட்டியில் துணி நிறைய இருந்ததால் இரண்டு வந்தன. கழுத்தில் மட்டும் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. இப்போது நீ பருத்தியில் புரட்டி அழுக்காக்கிக்கொண்டிருப்பது அதில் ஒன்று. நாளைக்கு அதைப் பார்த்தால் அப்புச்சிக்கு அடையாளம் தெரியும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நீ சம்பாதிக்கத் தொடங்கியதும் உனக்கு மனசு கேட்காமல் எனக்கு ஒரு வெள்ளை ரவிக்கை தைத்துக் கொண்டுவருவாய். உன் அப்பாவின் பிள்ளைதானே. கொண்டுவராதே, கண்ணு. அப்போது எனக்கும் முள்ளுப் பட்ட மாதிரிதான் இருக்கும். நானும் உள்ளே கொண்டுபோய் வை என்று சொல்லிவிடுவேன். உன் வீட்டில் வேறு எந்தப் பெண்ணுக்காவது இந்த நாள் வந்தால், அன்றைக்கே, வெள்ளையைத் தட்டத்தில் எடுத்து வருவதற்கு முன்பே, வாசலில் எல்லோருக்கும் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல். பிறகு சொல்லுகிறதற்கு அர்த்தமில்லை.

இன்னும் ஒன்று. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு சாயங்காலம், விடுதிப் பிள்ளை ஒருத்தியைப் பார்க்க ஊரிலிருந்து ஓர் அம்மா வந்து கேட்டருகில் நின்றார். வெள்ளைச் சேலை, ரவிக்கை இல்லை, இடுப்பில் முறுக்கு மூட்டை. அந்தப் பிள்ளை சிநேகிதிகளோடு நின்றுகொண்டிருந்தது. "ஆருடி அது?" என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை என்னைப் பார்த்தது, கேட்டைப் பார்த்தது. "எங்க தோட்டத்து ஆளு" என்றது. அந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. நான் அருகில் போய், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. மூட்டையை என் கையில் கொடுத்தார். "தோட்டத்துக்காரப் பண்ணாடிச்சியம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க. நான் தோட்டத்து ஆளுதானுங்க" என்றார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தில் அம்மாவின் சாடை அப்படியே இருந்தது.

உனக்கும் அப்படி ஒரு கேட்டும், அப்படி ஒரு சாயங்காலமும் வரும். நீ நல்ல பிள்ளையாகத்தான் வளர்ந்திருப்பாய். ஆனாலும் அந்த வயதில் நாக்கு தானாகச் சொல்லிவிடும். சொல்லிவிட்டு ராத்திரி படுத்து அழாதே. நீ என்னை யார் என்று சொன்னாலும் நான் உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். உன் வாத்தியார் இங்கிலீஷில் ஏதாவது சொன்னால் எனக்குப் புரிந்ததாகவும் காட்டிக்கொள்ள மாட்டேன். கொண்டுவந்ததை அவர் கையில் கொடுத்துவிட்டு, தோட்டத்து ஆளுதானுங்க என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

உன் அம்மா